ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்திலிருந்து புறப்படும் மின்சார ரயிலில் தினமும் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். கைபேசித் திரையில் ஓர் ஆள் மரம் வெட்டிக்கொண்டிருப்பான். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்ப்பார், கேட்பார். வீட்டிலும் கேட்கிறார்கள், அலுவலகத்திலும் கேட்கிறார்கள். அவசரத்தில் பாதி பதில் சொல்லி இறங்கிவிடுவது எனக்கே உறுத்துகிறது. அதனால் முழுப் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன விளையாட்டு?

ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து நடமாடும் ஒரு கற்பனை உலகம். அந்த உலகத்தின் பெயர் கீலினார். அரண்மனை, சுரங்கம், டிராகன், மந்திரம் எல்லாம் உண்டு. அவற்றோடு கோதுமை வயலும் மாட்டுத் தொழுவமும் மீன்பிடித் துறையும் உண்டு. நீங்கள் அங்கே ஓர் ஆளாக இறங்குகிறீர்கள். போராளி, மந்திரவாதி என்று ஒரு வகையை முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எதைப் பழகுகிறீர்களோ அதில் தேறுவீர்கள்.

இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் என்ற இளைஞர் தன் சகோதரர் பாலுடன் சேர்ந்து உருவாக்கியது இது. 2001 ஜனவரி 4 அன்று ரூன்ஸ்கேப் என்ற பெயரில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜேஜெக்ஸ் நிறுவனம் இன்றும் நடத்தி வருகிறது.

பெயரில் 'ஓல்டு ஸ்கூல்' எதற்கு?

ஒரு விளையாட்டு தன் பழைய உருவத்துக்கே திரும்பிப் போனது என்பது அபூர்வம். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2012 நவம்பரில் ரூன்ஸ்கேப்பின் சண்டை முறையை அடியோடு மாற்றினார்கள். கிளிக் செய்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த எளிய முறை போய், வரிசையாகத் திறன்களை அழுத்தும் முறை வந்தது. பழைய ஆட்டக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். "எங்கள் பழைய உலகத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்ற குரல் ஓயவில்லை. 2007 ஆகஸ்டில் எடுத்த ஒரு முழுப் பிரதி நிறுவனத்திடம் பத்திரமாக இருந்தது. அதை உயிர்ப்பிக்கலாமா என்று 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறக்குறைய நான்கரை லட்சம் பேர் வாக்களித்தார்கள். பிப்ரவரி 22 அன்று அந்த உலகம் மறுபடி திறந்தது. எல்லோரும் முதல் லெவலிலிருந்து தொடங்கினோம்.

பிரதி ஆகஸ்டில் எடுத்தது என்பதால் ஒரு விசித்திரமும் நடந்தது. பொருள் வாங்கி விற்கும் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் முதன்முதலில் வந்தது 2007 நவம்பரில். ஆகவே மீண்டு வந்த உலகத்தில் சந்தை இல்லை. வங்கி வாசலில் நின்று விலையைக் கூவிக் கூவி விற்க வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் வாக்களித்துச் சந்தையைக் கொண்டுவர 2015 ஆகிவிட்டது. சந்தை வந்ததும் வேலை சுலபமானது உண்மைதான். ஆனால் கூவி விற்ற காலத்தில் ஆளும் ஆளும் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சு பிறகு குறைந்துபோனது. எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு.

நீங்கள் எப்படி இதற்குள் வந்தீர்கள்?

2006. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். அந்தக் கணினிகளில் எதையும் இன்ஸ்டால் செய்ய சென்டர்காரர் விடமாட்டார். ரூன்ஸ்கேப்புக்கு அது தேவைப்படவில்லை. அப்போது ஜாவா இருந்தால் போதும், பிரவுசரிலேயே ஓடும். நாம் சேர்த்ததெல்லாம் சர்வரில் இருப்பதால் இன்று இந்த சென்டர், நாளை வேறு சென்டர் என்று எங்கே உட்கார்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சொந்தக் கணினி இல்லாத ஒரு பையனுக்கு, சொந்தமாக ஒரு வங்கிப் பெட்டி, அதில் தான் பிடித்த மீன்கள். அந்த வயதில் அது எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

கல்லூரி, வேலை என்று நடுவில் பல வருடம் எப்போதாவதுதான் ஆட முடிந்தது. 2018 அக்டோபர் இறுதியில் கைபேசியில் வந்தது. கணினியில் ஆடும் அதே அக்கவுண்ட், அதே உலகம். மறுபடி நுழைந்தேன்.

மணிக்கணக்கில் மரம் வெட்டுவதில் என்ன இருக்கிறது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கேலியாகக் கேட்பவர்களும் உண்டு, உண்மையாகவே புரியாமல் கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு தொழிலிலும் லெவல் 1 முதல் 99 வரை. இரண்டாம் லெவலுக்கு 83 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, போதும். 50ஆம் லெவலுக்கு 1,01,333. தொண்ணூற்றொன்பதுக்கு 1,30,34,431. ஏறக்குறைய ஏழு லெவலுக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகும். அதனால் 92ஐத் தொடும்போது 99க்கான பாதையில் சரிபாதிதான் வந்திருப்பீர்கள். யூ மரத்தை 60ஆம் லெவலில் வெட்டத் தொடங்கலாம், ஒரு கட்டைக்கு 175 எக்ஸ்பி. அங்கிருந்து 99 வரை யூ மட்டுமே வெட்டினால் கிட்டத்தட்ட 73,000 கட்டைகள். பையில் 28 இடம்தான். அப்படியானால் இரண்டாயிரத்து அறுநூறு முறையாவது பை நிறையும்.

இதைக் கேட்டவுடன் "பைத்தியக்காரத்தனம்" என்பார்கள். நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். என் பாட்டி பீடி சுற்றியவர். ஆயிரம் பீடிக்கு ஒரு கணக்கு. கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், திண்ணையில் நாலு பேர் சேர்ந்திருப்பார்கள். பாட்டிக்கு அது வயிற்றுப்பாடு, எனக்கு இது பொழுதுபோக்கு. இரண்டையும் சமமாக வைக்க மாட்டேன். ஆனால் கை பழகிய வேலையில் மனம் விடுதலையாகி உலாவும் அந்த நிலை, சேர்ந்து உட்கார்ந்த நாலு பேருக்குள் வரும் அந்தப் பேச்சு, அதை நான் முதலில் பார்த்தது அந்தத் திண்ணையில். இரண்டாவதாகப் பார்த்தது விளையாட்டில் எட்ஜ்வில் என்ற ஊரின் வங்கிக்குத் தெற்கே யூ மரங்களைச் சுற்றி நிற்பவர்களிடம்.

இன்னொன்று. யாராவது 99க்கான மேலங்கியைப் போட்டுக்கொண்டு நடந்து போனால், அதற்குப் பின்னால் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் உலகத்தில் மரியாதையின் அளவுகோல் இந்த நேரம்தான். எக்ஸ்பியை நேராகக் காசு கொடுத்து வாங்க முடியாது என்பதில் ஆட்டக்காரர்கள் காட்டும் பிடிவாதமும் இதனால்தான்.

அப்படியானால் கதையே கிடையாதா?

உண்டு, அதுவும் நல்ல கதைகள். இங்கே 'குவெஸ்ட்' என்பது பத்து எலியைக் கொன்று வா என்ற வகை இல்லை. ஒவ்வொன்றும் உட்கார்ந்து எழுதிய சிறுகதை மாதிரி, தனித்தனியான புதிர்களோடு இருக்கும். ஆரம்பகால குவெஸ்டுகளில் பலவற்றை பால் கோவரே எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தது 2004இல் வந்த 'ஒரு சின்ன உதவி'. ஷைலோ கிராமத்தில் ஒரு கடைக்காரர் கொஞ்சம் மரக்கட்டை வாங்கி வரச் சொல்வார். கட்டை வைத்திருப்பவர், "தருகிறேன், அதற்கு முன் என் கோடரியைச் சாணை பிடித்து வா" என்பார். சாணைக்காரருக்கு வேறொன்று தேவை. அதை வைத்திருப்பவருக்கு மற்றொன்று. உலகத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து, எல்லோருடைய உதவியையும் முடித்து, அதே வரிசையில் திரும்பி வர வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக அலைந்த யாருக்கும் இந்தக் குவெஸ்டைப் புரியவைக்க வேண்டியதில்லை. எழுதியவர்கள் மனிதர்களைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

'டிராகன் ஸ்லேயர்' இன்னொரு வகை. பணம் கட்டாமலே ஆடக் கிடைக்கும். 32 குவெஸ்ட் புள்ளி சேர்ந்தால்தான் தொடங்க முடியும். மூன்று துண்டாகக் கிழிந்த வரைபடத்தைச் சேர்க்க வேண்டும். ஓட்டை விழுந்த படகை வாங்கி, பலகை அடித்துச் சரிபண்ண வேண்டும். கயிறு விற்கும் ஒரு கிழவரை மாலுமியாக அழைத்துக்கொண்டு போக வேண்டும். கரை சேரும் முன்பே டிராகன் படகை எரித்துவிடும். முடித்தால் ரூன் மார்புக் கவசம் அணியும் உரிமை கிடைக்கும். கவசத்தை மற்ற ஆட்டக்காரர்களிடம் வாங்கிவிடலாம், அணியும் தகுதியை வாங்க முடியாது. பதினாலு வயதில் அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வாரக் நகரச் சதுக்கத்தில் நின்றது நினைவிருக்கிறது.

நம் ஊர் இணையத்தில் ஓடுமா?

ஓடும். இந்த விளையாட்டின் நாடித்துடிப்பு 0.6 நொடி. எல்லாச் செயலும் அந்தத் துடிப்பில்தான் நடக்கும். இதை 'டிக்' என்போம். இங்கிலாந்து சர்வருக்குத் தகவல் போய்வர எடுக்கும் நேரம் அதைவிடக் குறைவு என்பதால் பெரும்பாலான வேலைகளில் தாமதம் தெரியாது. கடினமான சண்டைகளில் மட்டும் தெரியும். படங்களும் எளிமையானவை, பழைய கைபேசியும் தாங்கும்.

காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். இலவசப் பகுதியே மாதக்கணக்கில் போதும். உலகத்தின் பெரும்பகுதியும் பாதிக்கு மேற்பட்ட குவெஸ்டுகளும் சந்தாதாரர்களுக்கு என்பது உண்மை. ஆனால் 'பாண்டு' என்ற ஒரு வழி உண்டு. ஒருவர் அதை உண்மைக் காசுக்கு வாங்கிச் சந்தையில் விற்பார். இன்னொருவர் விளையாட்டில் சம்பாதித்த தங்கத்தைக் கொடுத்து வாங்கி 14 நாள் சந்தா பெறுவார். மாணவர்களுக்கு நான் சொல்வது: முதல் ஆறு மாதம் இலவசத்திலேயே இருங்கள்.

ஏமாற்றுவார்கள் என்கிறார்களே?

ஏமாற்றுவார்கள். நான் ஏமாந்திருக்கிறேன்.

2007 தொடக்கம். கராம்ஜா தீவில் சிங்கி இறால் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு முறையும் 30 காசு படகுக் கூலி கொடுத்துத் திரும்பி, அதை விற்று விற்று ஒரு ரூன் கவசத் தொகுதி முழுதாக வாங்கியிருந்தேன். ஒருவர் வந்தார். "உன் கவசத்துக்குத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன், இலவசம்" என்றார். தெருவில் சிலர் உண்மையிலேயே கரை போட்ட கவசத்தோடு நடப்பதைப் பார்த்திருந்தேன். கொடுத்தேன். அவர் மறைந்துவிட்டார். கரை போட்ட கவசம் புதையல் வேட்டையின் பரிசாக மட்டுமே வரும், கையால் போடவே முடியாது என்று பிறகு தெரிந்தது. அன்று சென்டரில் மீதி இருந்த பத்து நிமிடமும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே நான்கு எச்சரிக்கைகள். இலவசமாகக் கவசம் அலங்கரிக்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பணத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்பவரிடம் ஒரு காசு கொடுக்காதீர்கள். முதல் சிறு தொகையைத் திருப்பித் தருவார், பெரிய தொகையில் போய்விடுவார். பண்டமாற்றில் இரண்டாவது உறுதித்திரை ஒன்று வரும், அதை எழுத்துவிடாமல் படியுங்கள். முன்பின் தெரியாதவர் வடக்கே 'வில்டர்னெஸ்' பக்கம் கூட்டிப் போனால் போகாதீர்கள். அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொன்று பொருளை எடுத்துக்கொள்ளலாம், அது விதிப்படி சரி.

தங்கத்தை வெளியில் காசு கொடுத்து வாங்கினால் என்ன?

விதிப்படி தடை, அக்கவுண்ட் போய்விடும். ஆனால் விதியைத் தாண்டி இதில் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது.

திருடிய கடன் அட்டைகளும் தங்க வியாபாரமும் பெருகியதால் 2007 டிசம்பரில் ஜேஜெக்ஸ் ஒரு கடுமையான முடிவெடுத்தது. சமமற்ற பண்டமாற்றைத் தடுத்தது, வில்டர்னெஸில் ஆளுக்கு ஆள் சண்டையை நீக்கியது. நண்பனுக்கு விலை உயர்ந்த ஒரு வாளைச் சும்மா கொடுக்கக்கூட வழியில்லாமல் போனது. பலர் மனம் உடைந்து விலகினார்கள். பன்னிரண்டு லட்சம் வாக்குகள் விழுந்த ஒரு வாக்கெடுப்பில் 91 சதவீதம் பேர் கேட்டுக்கொண்ட பிறகு, 2011 பிப்ரவரி 1 அன்று இரண்டும் திரும்பி வந்தன.

பிறகு வெனிசுவேலா. அங்கே பணவீக்கத்தில் சம்பளம் மதிப்பிழந்தபோது, ஓல்டு ஸ்கூலில் பச்சை டிராகன்களைக் கொன்று, எலும்பையும் தோலையும் விற்று, தங்கத்தை டாலராக மாற்றினால் சாப்பாட்டுக்கு வழி கிடைக்கும் என்று பலர் உள்ளே வந்தார்கள். 2017 வாக்கில், விளையாட்டுக்குள் அவர்களைத் தேடிப் பிடித்துக் கொல்வது எப்படி என்று வழிகாட்டி எழுதிப் பரப்பியவர்களும் இருந்தார்கள். எனக்கு அது தாங்கவில்லை. தங்கம் விற்பது விளையாட்டைக் கெடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அரிசிக்காக டிராகன் வேட்டையாடும் ஒருவரைத் துரத்துவதில் வீரம் எதையும் நான் காணவில்லை. அந்த நாட்களில் பச்சை டிராகன் இருக்கும் பக்கமே நான் போகவில்லை, அந்த இடம் அவர்களுக்கு இருக்கட்டும் என்று.

விளையாட்டில் எதைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

நாங்கள். புதிய உள்ளடக்கம் பெரும்பாலும் வாக்கெடுப்புக்கு வரும். முதலில் 75 சதவீத ஆதரவு தேவைப்பட்டது, பின்னர் 70 ஆக்கினார்கள். புதிய தொழில் ஒன்றைச் சேர்க்கும் முயற்சிகள் 2014, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் தோற்றன. கடைசியில் கப்பலோட்டுவது, 'செய்லிங்', தேறி 2025 நவம்பரில் இருபத்துநான்காவது தொழிலாக வந்தது. 2015இல் தோற்றதும் இதே யோசனைதான். நான் முதலில் எதிர்த்தவன், பிறகு ஆதரித்தவன். நிறுவனம் வரைவுகளை முன்வைத்து, எங்கள் எதிர்ப்பைக் கேட்டு, திருத்தி, மறுபடி கொண்டுவந்த விதம்தான் என் மனத்தை மாற்றியது.

தமிழில் பேசலாமா?

அரட்டைப் பெட்டியில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். யாராவது "சாப்டாச்சா" என்று தட்டினால் தெரிந்துவிடும்.

முகம் தெரியாதவர்களோடு என்ன நட்பு?

ஃபின்லாந்தில் ஒருவர். மருத்துவமனைச் சமையலறையில் வேலை என்று சொல்லியிருக்கிறார், உண்மைப் பெயரை நான் கேட்டதில்லை. குளிர்காலத்தில் எனக்குக் காலை எட்டரை, அவருக்கு ஐந்து. நான் ரயிலில், அவர் வேலைக்குப் புறப்படும் முன். இரண்டு பேரும் மீன் பிடிப்போம். அவர் பனியைப் பற்றிச் சொல்வார், நான் வெயிலைப் பற்றி. என் அப்பா மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரம் நான் வரவில்லை. திரும்பியபோது என் பண்டமாற்றுத் திரையைத் திறந்து, சமைத்த சுறாக்கள் 28 வைத்தார். ஒரு பை நிறைய. வேறொன்றும் கேட்கவில்லை. அந்தச் சுறாக்களை நான் இன்னும் சாப்பிடவில்லை, வங்கியில் இருக்கின்றன.

அடிமையாகிவிட மாட்டோமா?

ஆகலாம். லெவலுக்கு லெவல் தூரம் கூடும் இந்த அமைப்பு ஆளைப் பிடித்து வைக்கக்கூடியது. ஆறு மணி நேரம் தொடர்ந்து இருந்தால் விளையாட்டே வெளியேற்றிவிடும், ஆனால் மறுபடி நுழைய ஒரு நிமிடம் போதும். 2020இல் வீட்டிலேயே அடைந்திருந்த மாதங்களில் இரவு மூன்று மணி வரை உட்கார்ந்தேன். தூக்கம் கெட்டது, மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அதன் பிறகு வீட்டில் திறப்பதில்லை, ரயிலில் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஞாயிறு விதிவிலக்கு, அதுவும் ஒரு மணி நேரம். தூக்கத்தையோ சாப்பாட்டையோ தொட ஆரம்பித்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். மரம் அங்கேயே நிற்கும்.

செத்துப்போனால் எல்லாம் போய்விடுமா?

சாதாரணமாகச் செத்தால் உங்கள் கல்லறை 15 நிமிடம் பொருளைக் காத்து நிற்கும், ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். வில்டர்னெஸில் மற்றவர் கையால் செத்தால் கதை வேறு. அங்கே போகும்போது இழந்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் எடுத்துப் போங்கள்.

இன்று தொடங்கினால் முதலில் என்ன செய்வது?

பயிற்சித் தீவை முடித்ததும் லம்பிரிட்ஜ் கோட்டை முற்றத்தில் இறங்குவீர்கள். தரைத்தளத்தில் சமையல்காரர் கலங்கிப்போய் நிற்பார். கோமகனுக்குப் பிறந்தநாள், கேக் செய்ய முட்டை, பால், மாவு மூன்றும் இல்லை. முட்டை கோழிப் பண்ணையில் தரையில் கிடக்கும். வாளியோடு போனால் பண்ணைப் பசுவில் பால் கறக்கலாம். மாவுதான் கொஞ்சம் வேலை. ஒரு பானை எடுத்துக்கொண்டு வடமேற்கே காற்றாலைக்கு நடங்கள். பக்கத்து வயலில் கோதுமை பறித்து, ஏணியில் மேல்மாடிக்கு ஏறி, தொட்டியில் போட்டு, நெம்புகோலை இழுக்க வேண்டும். மாவு கீழ்த்தளத்துப் பெட்டியில் விழுந்திருக்கும். பலர் மேலேயே நின்று தேடுவார்கள். கீழே இறங்கி வாருங்கள்.